கும்மிக்கு வரும் கால்

"கும்மியடிக்கக் காலு வருதாம், சோத்துக்கு எந்திரிக்க மட்டும் வரமாட்டேங்குதாமா?"

என் அத்தையைப் பற்றி ஒரு பங்காளி வீட்டு அம்மா சொன்னது இது. கோயில் திடலில் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்ன மாதிரி இருந்தது. கோபம் அன்றைக்கே ஆறிவிட்டது. கேள்வி ஆறவில்லை. கேட்ட விதம்தான் மோசமே தவிர, கேள்வி நியாயமானது.

அத்தைக்குப் பார்க்கின்சன். எங்கள் பெருந்துறைப் பக்கம் பெரியவர்கள் உதறுவாதம் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அத்தைக்கு உதறல் குறைவு. வலது கையில் லேசாக, அதுவும் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான். அவரைப் படுத்தி எடுப்பது உடம்பின் இறுக்கமும், நடக்கையில் கால் நின்றுபோவதும். கூடத்தில் சின்னச் சின்ன அடியாக வருவார். வாசப்படி கிட்டே வந்ததும் இரண்டு பாதமும் தரையை விட்டு எழும்பாது. மேல் உடம்பு முன்னால் போகப் பார்க்கும், கால் வராது. அவர் விழுந்ததெல்லாம் அப்படி விழுந்ததுதான். பின்னாலிருந்து "காலை எடுத்து வைங்க அத்தை, போங்க" என்று யாராவது அவசரப்படுத்தினால் இன்னும் மோசம்.

அப்படிப்பட்டவர், மாரியம்மன் கோயில் பொங்கலுக்காக நடந்த வள்ளி கும்மிப் பயிற்சியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், மருமகளின் கையைப் பிடித்து எழுந்து வட்டத்துக்குள் போய்விட்டார். வாத்தியார் மைக்கில் பாட, எல்லோரும் திருப்பிப் பாட, ஒரு பாட்டு முழுக்க ஆடினார். பக்கத்தில் நின்று பார்த்தேன். கை தட்டும் ஓசை சின்னதுதான். வலது கை கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. குனிந்து தட்ட வேண்டிய இடத்தில் குனியவில்லை, இடுப்பை லேசாக ஒடித்ததோடு சரி. ஆனால் கால் சரியாக விழுந்தது. முன்னால் வைத்து, பின்னால் எடுத்து, பக்கத்தில் திரும்பி, மறுபடி முன்னால். வீட்டில் பார்க்கிற அந்தச் சின்ன அடி இல்லை, பாதம் நன்றாக எழும்பி விழுகிற அடி. பாட்டு நின்றது, அத்தையும் நின்றார். நாற்காலி கூப்பிடு தூரம்கூட இல்லை. அங்கே கொண்டுபோய் உட்கார வைக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அப்போது வந்ததுதான் மேலே சொன்ன வசனம்.

மறுநாள் இதற்கு நேர்மாறு. சித்தப்பா மகன் எடுத்த வீடியோ குடும்ப வாட்ஸப் குழுவில் வந்தது. 'கும்மியால் குணமான எங்கள் அத்தை' என்று தலைப்பு, கூடவே கூப்பிய கைகள். 'நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை' என்று ஒருவர். 'இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமே' என்று இன்னொருவர். அதைப் படித்ததும், நடிப்பு என்பவர்களைவிட அதிசயம் என்பவர்கள்தான் ஆபத்தானவர்கள் என்று தோன்றியது. அத்தை சாப்பிடும் பார்க்கின்சன் மாத்திரையான லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு கூட்டமும் ஒரே தப்பைத்தான் செய்கின்றன. பாட்டோடு ஆடுகிற அத்தைதான் நிஜ அத்தை, வாசப்படியில் நிற்கிற அத்தை பொய் என்று இருவருமே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒருவருக்கு அந்தப் பொய் சோம்பேறித்தனம், மற்றவருக்கு அது மாத்திரைக் கம்பெனி செய்த வேலை.

சைக்கிள் ஓட்டியவர்

2010இல் நெதர்லாந்து மருத்துவர்கள் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு வீடியோவை வெளியிட்டார்கள். 58 வயதுக்காரர், பத்து வருடமாகப் பார்க்கின்சன். பிடித்துக்கொண்டு நடத்தினாலும் சில அடிகளில் கால் உறைந்து விழப்போகிறார். அதே மனிதரை சைக்கிளில் ஏற்றிவிட்டால் மிதித்துக்கொண்டு போகிறார், வளைந்து திரும்பி வருகிறார். இறங்கியதும் மறுபடி கால் உறைந்துவிடுகிறது. நெதர்லாந்துக்காரருக்கு சைக்கிள் என்றால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கும்மி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மனிதர் நடிக்கிறார் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. குணமாகிவிட்டார் என்றும் சொல்லவில்லை.

மருத்துவர்களுக்கு இது புதிதும் இல்லை. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர்கள் 1920களிலேயே இதைக் கவனித்துப் பெயர் வைத்துவிட்டார்கள். நாம் நடக்கும்போது நடப்பதைப் பற்றி நினைப்பதில்லை. பேசிக்கொண்டே நடக்கிறோம், பையைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறோம். அடுத்த அடி தானாக வருகிறது. அப்படித் தானாக வரவைப்பதில் மூளையின் அடியிலுள்ள சில நரம்பு முடிச்சுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவை ஒழுங்காக ஓட டோபமைன் என்ற ரசாயனம் வேண்டும். பார்க்கின்சனில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டே போகின்றன. ஆகவே உள்ளிருந்து வரவேண்டிய 'இப்போது வை' என்ற உத்தரவு பிந்துகிறது, அல்லது வருவதே இல்லை. வெளியிலிருந்து ஒரு தாளமோ தரையில் ஒரு கோடோ கிடைத்தால், சிறுமூளையும் காது, கண் வழியாக வரும் செய்தியும் சேர்ந்து வேறு பாதையில் காலை எடுக்க வைக்கின்றன என்று நரம்பியலாளர்கள் கருதுகிறார்கள். மைக்கேல் தாட் என்பவரும் அவருடைய குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பார்க்கின்சன் உள்ளவர்கள் தாளம் அழுத்தமாக விழும் இசையைக் கேட்டுக்கொண்டு மூன்று வாரம் நடந்து பழகினார்கள். நடை வேகமும் கூடியது, அடியின் நீளமும் கூடியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்று பயிற்சி ஆரம்பித்தபோது இரவு ஏழு மணி. அத்தையின் சாயங்கால மாத்திரை ஆறு மணிக்கு. லெவோடோபா நன்றாக வேலை செய்கிற நேரத்தில்தான் அவர் எழுந்து போனார். அதே பாட்டை மதியம் மூன்று மணிக்கு, முந்தின மாத்திரை இறங்கிப்போய் அடுத்தது ஏறாத நேரத்தில் போட்டிருந்தால் நாற்காலியிலேயே தாளம் போட்டுக்கொண்டிருந்திருப்பார். அந்த வீடியோவில் கும்மி தெரிகிறது. மாத்திரை தெரியவில்லை.

வாசப்படி

அத்தையின் மருமகளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரவில் அத்தையைப் புரட்டிப் படுக்க வைப்பது, குளிக்க வைப்பது, முந்தானையைச் செருகிவிடுவது எல்லாம் அவர்தான். பங்காளி வீட்டு அம்மா சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அடுப்படியில் வைத்து, "எனக்கும் ஒரு நிமிசம் அப்படித் தோணிருச்சு தம்பி. நான் தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு, இவங்க அங்க போயி ஆடுறாங்களேன்னு" என்றார். வேலை செய்கிறவருக்குத் தோன்றுவதற்கும் வேடிக்கை பார்க்கிறவருக்குத் தோன்றுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அக்காவுக்கு அப்படித் தோன்றியதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

போனில் அந்த சைக்கிள் வீடியோவைக் காட்டினேன். மாவுக் கையோடு பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். 'பாவம்' என்பார் என்று நினைத்தேன். "எறங்குனதும் நின்னுட்டாரே. அப்ப வூட்டுக்குள்ள என்ன பண்ணுவாரு? ரூமுக்குள்ள சைக்கிள் ஓட்ட முடியுமா?" என்று கேட்டார். இந்த விஷயத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு சரியான கேள்வி இல்லை. கும்மித் திடலில் கிடைத்ததை வாசப்படிக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதுதானே வீட்டில் உள்ளவர்களின் கவலை.

முதலில் கோடு போட்டுப் பார்த்தோம். வாசப்படிக்கு முன்னால் மஞ்சள் டேப்பைக் குறுக்கே வரிசையாக ஒட்டினோம். பிசியோதெரபி செய்கிறவர்கள் பரவலாகச் சொல்லும் வழிதான், வேலையும் செய்தது. ஆனால் அத்தைக்குப் பிடிக்கவில்லை. "வூடு ஆஸ்பத்திரியாட்டம் இருக்குது கண்ணு" என்றார். வாசல் தெளித்த தண்ணீரில் டேப் பெயர்ந்ததும் மறுபடி ஒட்டச் சொல்லவில்லை, நாங்களும் ஒட்டவில்லை.

அப்புறம்தான் அக்காவாக ஒன்று செய்தார். அத்தையின் பின்னால் நிற்பதை விட்டு, வாசப்படிக்கு அந்தப் பக்கம் எதிரே போய் நின்றார். "நில்லுங்க அத்தை, அவசரமில்லை" என்றார். கும்மி நடையில் மெதுவாகக் கை தட்டினார். அத்தை உடனே காலை வைக்கவில்லை. தட்டலுக்குத் தகுந்தபடி உடம்பை இடது பக்கம் சாய்த்தார், வலது பக்கம் சாய்த்தார், மறுபடி இடது. பாரம் முழுக்க இடது காலுக்குப் போனபோது வலது கால் தரையை விட்டு எழும்பி வாசப்படியைத் தாண்டியது. தாண்டிய கால் ஊன்றும்வரை அக்கா தட்டிக்கொண்டே இருந்தார். இடது கால் வந்த பிறகுதான் நிறுத்தினார். முன்பு இதற்கு நிமிடக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள், கடைசியில் இருவரும் சிடுசிடுப்பார்கள். பக்கவாட்டில் பாரத்தை மாற்றிவிட்டு அடி வைப்பது பிசியோதெரபியில் சொல்லித்தருவதுதான் என்று பிறகு தெரிந்தது. அக்காவுக்கு அது கும்மியிலிருந்து கிடைத்தது.

எப்போதும் இது பலிப்பதில்லை. மாத்திரை இறங்கிய நேரத்தில் என்ன தட்டினாலும் கால் வராது. விருந்தாளி யாராவது பார்த்துக்கொண்டிருந்தாலும் வராது. பதற்றம் இந்த நோய்க்குப் பெரிய எதிரி. ராத்திரி பாத்ரூம் போகிற வழியில் தூக்கக் கலக்கத்தில் அக்காவால் கை தட்ட முடியாது, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவதோடு சரி. ஆனால் பலிப்பதையும் பலிக்காததையும் தினம் பார்த்துவிட்டதால் அந்த வீட்டில் நடிப்பு என்ற பேச்சு ஓய்ந்துவிட்டது. அத்தையும் ஊன்ற முடியாத நாளில் "இன்னிக்கு வரல" என்று சாதாரணமாகச் சொல்லப் பழகிக்கொண்டார். முன்பெல்லாம் அதைச் சொல்லாமல் முயன்று விழுவார்.

புரூக்ளினில் ஆரம்பித்தது

பார்க்கின்சன் உள்ளவர்களுக்கான நடன வகுப்பு என்று இன்று உலகம் முழுக்கப் பேசப்படுவது 2001இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆரம்பித்தது. அங்கே பார்க்கின்சன் நோயாளிகளுக்கான குழுவொன்றை நடத்திவந்த ஒலி வெஸ்ட்ஹைமர், மார்க் மோரிஸ் நடனக் குழுவைத் தேடிப் போனார். அவருடைய எண்ணம் எளிமையானது. நடனக்காரர்கள் ஒவ்வோர் அசைவையும் எண்ணி, காதால் கேட்டு, மனசில் படமாகப் பார்த்துச் செய்கிறவர்கள். தானாக வராத அசைவை யோசித்து வரவைப்பது அவர்களுக்குத் தினசரி வேலை. நோயாளிக்கு வேண்டியதும் அதே வித்தைதான். டேவிட் லெவந்தாலும் ஜான் ஹெகின்பாதமும் வகுப்பெடுக்க ஆரம்பித்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி கை, தோள், உடம்பு என்று ஆரம்பிக்கும். பிறகு நாற்காலியையோ கம்பியையோ பிடித்து நின்றுகொண்டு ஆடுவது, முடிந்தவர்கள் கூடத்தின் குறுக்கே நடந்து ஆடுவது, கடைசியில் எல்லோரும் வட்டமாகக் கைகோத்து முடிப்பது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இந்த முறையில் வகுப்புகள் நடக்கின்றன. இந்தியாவில் புணேயில் ஹ்ருஷிகேஷ் பவார் என்ற நடனக் கலைஞர், அங்குள்ள பார்க்கின்சன்ஸ் மித்ர மண்டலோடு சேர்ந்து பல வருடங்களாக நடத்திவருகிறார்.

புரூக்ளின்காரர்கள் ஒன்றை அழுத்திச் சொல்வார்கள். இது நடன வகுப்பு, சிகிச்சை இல்லை. (நடனத்தையே உளவியல் சிகிச்சையாகச் செய்வது தனித் தொழில். 1942இல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் மேரியன் சேஸ் ஆரம்பித்துவைத்த வழி அது.) முதலில் இது எனக்கு வெறும் பேச்சு ஜம்பமாகத் தெரிந்தது. அத்தை வீட்டு ஃபிரிட்ஜைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அதில் பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த உடற்பயிற்சித் தாள் ஒட்டியிருக்கிறது. நல்ல தாள், நல்ல மனிதர். நாற்காலியிலிருந்து மூக்கு முழங்காலைத் தாண்டும்வரை முன்னால் சாய்ந்து எழுவதை அவர்தான் கற்றுக்கொடுத்தார். ஆனால் அந்தத் தாளின் ஒவ்வொரு வரியும் அத்தைக்கு எது வரவில்லையோ அதைப் பற்றியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆரம்பித்து, பிறகு யாராவது கேட்டால் மட்டும் என்று ஆகிவிட்டது. கும்மிப் பயிற்சிக்கு மட்டும் சாயங்காலம் ஐந்து மணிக்கே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். உடம்பை அசைத்தால்தான் பலன், அசைக்க ஆசை வந்தால்தான் அசைப்பார்கள். ஆசையைத் தாளில் எழுதிக் கொடுக்க முடியாது.

எந்த ஆட்டமானாலும் ஒன்றுதானா என்றால், அதிலும் சுவாரஸ்யம் இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மேடலின் ஹேக்னியும் கேமன் எர்ஹார்ட்டும் பார்க்கின்சன் உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு அர்ஜென்டினா டாங்கோவையும் இன்னொரு பிரிவினருக்கு வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் வகைகளையும் (எல்லாமே ஜோடியாகப் பிடித்துக்கொண்டு ஆடுபவை) கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வில் ஆளுக்கு 20 வகுப்புகள். இரண்டுமே உதவின. சிலவற்றில் டாங்கோ கொஞ்சம் முந்தியது. காரணம் யோசித்தால் புரியும். டாங்கோவில் நிற்பதும் கிளம்புவதும் அடிக்கடி வரும். பின்பக்கமாக நடக்க வேண்டும், குறுகிய இடத்தில் திரும்ப வேண்டும். பார்க்கின்சன் எங்கெல்லாம் காலைப் பிடிக்கிறதோ அங்கெல்லாம் டாங்கோவும் போகிறது. கும்மியிலும் முன்னும் பின்னும் போவதும் திரும்புவதும் உண்டு. ஆனால் பிடித்துக்கொள்ள ஜோடி இல்லை, இரண்டு கையும் தட்டலில் இருக்கும். எனக்கு அது கொஞ்சம் பயம்தான்.

அந்த 76 சதவீதம்

குடும்பக் குழுவில் பிறகு வந்த இன்னொரு செய்தி: 'நடனம் ஆடினால் மறதி நோய் 76 சதவீதம் குறையும், அமெரிக்க ஆய்வு.' இது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. 2003இல் ஜோ வர்கீஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்து எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அவர்கள் கணக்கெடுத்த உடலுழைப்பு சார்ந்த பொழுதுபோக்குகளில் மறதி நோய் குறைவோடு தொடர்பு தெரிந்தது நடனத்துக்கு மட்டும்தான். ஆனால் அதே கட்டுரையில் அந்த எண்ணின் இரு பக்க எல்லையும் இருக்கிறது. அதன்படி அந்தக் குறைவு 94 சதவீதமாகவும் இருக்கலாம், வெறும் 1 சதவீதமாகவும் இருக்கலாம். நோய் தலைகாட்டும் முன்பே ஆட்டத்தை விட்டுவிட்டவர்களும் இருக்கக்கூடும். ஆடாததால் நோய் வந்ததா, நோய் வந்துகொண்டிருந்ததால் ஆடவில்லையா என்பதை இந்த மாதிரி ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே மறதி நோய் வந்தவர்களுக்கு நடன இயக்க சிகிச்சை பலன் தருமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2017இல் தேடியபோது, அவர்களுடைய அளவுகோலுக்கு உட்பட்ட ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

பார்க்கின்சனில் நிலைமை மேல். உடற்பயிற்சி பற்றிய 150க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து காக்ரேன் 2023இல் வெளியிட்ட அறிக்கையில், அசைவு சார்ந்த தொந்தரவுகளைக் குறைப்பதில் நடனத்துக்கு நடுத்தரமான பலன் இருப்பதாகச் சொல்கிறார்கள். கூடவே, பலவகைப் பயிற்சிகளும் பலன் தருகின்றன, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை என்றும் சொல்கிறார்கள். நடுத்தரமான பலன் என்பதை வாட்ஸப்பில் யாரும் பகிர மாட்டார்கள். யார் உதவியும் இல்லாமல் அத்தை வாசப்படியைத் தாண்டுகிற ஒரு காலை நேரத்தின் மதிப்பு அந்த வீட்டில் என்ன என்று எனக்குத் தெரியும், அதனால் எனக்கு அந்த நடுத்தரம் போதும்.

கும்மி வாத்தியார்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று ஊர் ஊராக இப்போது வள்ளி கும்மி பரவியிருக்கிறது. அரங்கேற்றத்துக்கு ஒரே நிறச் சேலையில் பெண்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்காத கிராமம் குறைவு. இவ்வளவு வாத்தியார்கள், இவ்வளவு திடல்கள், ஒவ்வொரு திடலின் ஓரத்திலும் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வயதானவர்கள். பெருநகரத்தில் காசு கொடுத்துச் சேர்க்கிற வகுப்பு இங்கே ஏற்கெனவே பாதி தயாராக இருக்கிறது. ஆகவே உங்களில் யாராவது இதைப் படித்தால் சில விஷயங்கள்.

நாற்காலி கைப்பிடி வைத்ததாக இருக்கட்டும். முதல் பாட்டு முழுக்க உட்கார்ந்தே, கையும் தோளும் மட்டும். எழுந்ததும் ஆட ஆரம்பிக்க வேண்டாம், கொஞ்ச நேரம் நிற்கட்டும். பார்க்கின்சனிலும் அதன் மாத்திரையிலும் எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவது சகஜம், பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் அதிகம். அதனால்தான் குனிந்து தட்டும் அடவை இவர்களுக்கு எடுத்துவிட வேண்டும், அத்தை அன்று தானாகவே எடுத்துவிட்ட மாதிரி. திரும்பும்போது நின்ற இடத்தில் சுழல வேண்டாம், பெரிய வளைவாக நடந்து திரும்பட்டும். பலவீனமான பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும், ஆனால் பிடித்து இழுக்க வேண்டாம். பின்னடி வைப்பது பிடிமானம் இருந்தால் மட்டும். இதய நோய் உள்ளவர்கள், மூட்டு மாற்றியவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வரட்டும். மூச்சு அளவுக்கு மீறுகிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், கும்மியில் பாட்டு இருக்கிறது. திருப்பிப் பாட முடியாமல் வாயடைத்தால் உட்கார வைத்துவிட வேண்டியதுதான். பார்க்கின்சனில் குரல் உள்ளே போய்விடும், அதனால் உரக்கப் பாடுவது தனி லாபம். வேகமான பாட்டுகளைக் கடைசிக்கு வைக்கிற வழக்கம் இவர்களுக்கு ஒத்துவராது, கடைசியில் களைத்திருப்பார்கள்.

இதெல்லாம் செய்துவிடுவீர்கள் என்று நம்பிக்கை இருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லாதது ஒன்றில்தான். ஏழு மணி என்று சொல்லிவிட்டு மைக் செட் வரவில்லை, இன்னும் நாலு பேர் வரட்டும் என்று எட்டரைக்கு ஆரம்பிப்பீர்கள். ஆறு மணிக்குப் போட்ட மாத்திரை அதுவரைக்கும் தாங்காதுங்க.